வட கரேலியா வெண்ணெயைக் குறைத்த கதை

பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், அன்றைய சோவியத் எல்லையை ஒட்டிக் காடும் ஏரியுமாகக் கிடக்கும் மாநிலம் வட கரேலியா. 1960களின் இறுதியில், மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மாரடைப்புக்கு அதிக ஆண்களைப் பறிகொடுத்த நாடு பின்லாந்து. அதிலும் முதலிடம் இந்த மாநிலத்துக்கு. மரம் வெட்டுபவர்கள், மாடு வளர்ப்பவர்கள் என்று நாள் முழுக்க உடம்பு வளைய உழைத்தவர்கள், நாற்பது ஐம்பது வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. காட்டை வெட்டித் திருத்தினார்கள். அந்தக் குளிர் மண்ணில் காய்கறியை நம்பிப் பிழைக்க முடியாது. புல் வளரும், மாடு வளர்க்கலாம். வறுமையைக் கண்ட குடும்பங்களுக்குக் கொழுப்பெடுக்காத பாலும் ரொட்டியில் கனமாகத் தடவிய வெண்ணெயும் நல்வாழ்வின் அடையாளம் ஆயின. பச்சைக் காய்கறி பலருக்கு மாட்டுத் தீவனமாகவே பட்டது.

1956-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அங்கே வந்தபோது, சானா குளியல் முடித்த மரவெட்டிகள் தடித்த பாலாடைக்கட்டித் துண்டின் மேலேயே வெண்ணெய் தடவிச் சாப்பிடுவதைப் பார்த்தார். பின்னர் அவர் முன்னின்று நடத்திய ஏழு நாடுகள் ஆய்வில், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்தது கிழக்குப் பின்லாந்தின் ஆண்களுக்குத்தான். அதே ஆய்வில் இடம்பெற்ற, ஆலிவ் எண்ணெயும் கீரையும் காயும் உண்ட கிரேக்கத்தின் கிரீட் தீவில் மாரடைப்பு அபூர்வம்.

1971 ஜனவரியில் மாநில ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து, எங்கள் மக்களைக் காப்பாற்றுங்கள் என்று தலைநகருக்கு மனு அனுப்பினார்கள். மறு ஆண்டே மாரடைப்பைத் தடுக்கும் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற மருத்துவர் பெக்கா புஸ்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

முதல் வேலையாக ஊர் ஊராக ரத்தம் எடுத்தார்கள். நடுத்தர வயது ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல், நம் ஊர் லேப் ரிப்போர்ட் கணக்கில் டெசிலிட்டருக்குச் சுமார் 267 மில்லிகிராம். விலங்குக் கொழுப்பு மிகுந்த சாப்பாடு, ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை அகற்றும் கல்லீரலின் திறனைக் குறைக்கிறது. மிஞ்சியது ஆண்டுக்கணக்கில் ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. வலி கிடையாது, அறிகுறி கிடையாது. பரிசோதனையில் வரும் எண் ஒன்றே முன்கூட்டிச் சொல்லும் சாட்சி. பாதிக்கு மேற்பட்ட ஆண்கள் புகையும் பிடித்தார்கள்; ரத்த அழுத்தமும் எகிறியிருந்தது.

நோயாளியைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லி அனுப்பும் வழக்கமான வைத்தியம் இங்கே எடுபடாது என்பதைப் புஸ்கா சீக்கிரமே கண்டுகொண்டார். ஊரே வெண்ணெய் தின்னும்போது ஒருவன் மட்டும் எப்படி நிறுத்துவான்? அவர் நாடியது ‘மார்த்தா’ என்ற இல்லத்தரசிகள் அமைப்பை. 1899-இல் தொடங்கப்பட்ட அதற்குக் கிராமம்தோறும் கிளை உண்டு. அந்தப் பெண்கள் ‘நீண்ட ஆயுள் விருந்து’ என்று கூட்டம் கூட்டினார்கள். கரேலியக் குழம்பு அந்த மண்ணின் பெருமை: கொழுப்புள்ள பன்றிக்கறி, மாட்டுக்கறி, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான், அடுப்பில் மணிக்கணக்கில் வேகும். அதில் கறியைக் குறைத்து, கேரட், உருளை, டர்னிப் வகைக் கிழங்கு சேர்த்துச் சமைத்துப் பரிமாறினார்கள். பெயர் மாறவில்லை, சட்டி மாறவில்லை. இந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய சாமர்த்தியம் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அடுப்படியோடு வேலை முடியவில்லை. பால் பண்ணைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் பிழைப்பே வெண்ணெயில் இருந்தது. நியாயமான கோபம். மாற்று வழி காட்டாமல் வாயை அடைப்பது அநியாயம் என்பதால், 1980களில் அவர்கள் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாறத் திட்டக்குழுவினர் உதவினார்கள். குளிர் தாங்கும் ரேப்சீட் செடியிலிருந்து உள்நாட்டிலேயே சமையல் எண்ணெய் வந்தது. பாலின் கொள்முதல் விலையைக் கொழுப்பை வைத்து நிர்ணயிக்கும் முறை மாறி, புரதத்துக்கு மதிப்புக் கூடியது. தொத்திறைச்சி தயாரிப்பாளர்கள் கொழுப்பைக் குறைத்து, காளான் சேர்த்துப் பார்த்தார்கள். 1990களில் கிராமங்களுக்கிடையே கொலஸ்ட்ரால் குறைப்புப் போட்டியே நடந்தது. தனி ஆளின் ரத்தத்தில் இருந்த எண், ஊர்ப் பெருமைக்குரிய விஷயமாயிற்று.

35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் மாரடைப்பு மரணம் 1970 வாக்கில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 672. 2006-இல் 103. கொலஸ்ட்ரால் சராசரி 6.9-இலிருந்து 5.4 ஆக இறங்கியிருந்தது. மருந்துக்கும் அறுவைசிகிச்சைக்கும் இதில் பங்குண்டு. 1982 முதல் 1997 வரை நாடு முழுவதும் ஏற்பட்ட சரிவில் சிகிச்சையின் பங்கு ஏறத்தாழ கால்பங்கு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாதிக்கு மேற்பட்ட பங்கு கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை மூன்றும் குறைந்ததற்கு.

ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுத்த பக்கத்து மாநிலம் குவோப்பியோவிலும் மரணங்கள் சரிந்தனவே, அப்படியானால் திட்டத்தின் பெருமை என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வானொலியும் தொலைக்காட்சியும் மாநில எல்லையில் நிற்பதில்லை. 1977-க்குப் பின் திட்டமே நாடு முழுவதும் விரிந்தது. எவ்வளவு யாரால் என்று பிரித்துச் சொல்ல இனி வழியில்லை.

பிறகு, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை பரவிய காலத்தில், ரொட்டிக்கு வெண்ணெய் திரும்பியது. 2007-க்கும் 2012-க்கும் இடையே பின்லாந்தின் கொலஸ்ட்ரால் சராசரி மீண்டும் ஏறியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை 1972 முதல் விடாமல் வைத்திருந்ததால், அந்த ஏற்றம் உடனே கண்ணில் பட்டது.