தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் போதாது... வீட்டுச் சுத்தத்துக்கு ஒரு டைம்டேபிள்!

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளிக்கு முதல் நாள். காலையில இருந்து ஒட்டடை, ஃபேன், ஜன்னல்னு முடிச்சுட்டு, கடைசியா பாத்ரூமுக்குள்ள போனாங்க அம்மா. பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்ச்சாங்க. கறை போகலை. அது மேலேயே டாய்லெட் கிளீனரை ஊத்தினாங்க. அடுத்த நிமிஷம் அடக்க முடியாத இருமல், கண்ணெல்லாம் எரிச்சல். பால்கனிக்குக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சோம். மூச்சு சீராக அரை மணி நேரம் ஆச்சு. ‘‘பளிச்னு ஆகட்டும்னுதான் கண்ணு ரெண்டையும் போட்டேன்’’னாங்க.

அன்னிக்குத்தான் புரிஞ்சது. வருஷம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலையை ஒரே நாள்ல, ஒரே ஆள் செஞ்சா, அவசரமும் அசதியும்தான் மிஞ்சும். சுத்தமான வீடுங்கிறது ஒருநாள் சாதனை இல்லை. சின்னச் சின்ன வேலைகளோட சுழற்சி. அந்தச் சுழற்சியை எப்படி அமைக்கிறது, எதுல கவனமா இருக்கணும், வீட்டுல என்னென்ன பொருள் இருக்கணும்னு பார்ப்போம்.

முதல்ல டைம்டேபிள்!

தினமும் (20 நிமிஷம்)
* ராத்திரி தூங்கப் போகுமுன் சிங்க்ல ஒரு பாத்திரம்கூட இருக்கக் கூடாது. சிங்க்கைத் துடைச்சு உலர விட்டுடுங்க. கரப்பான்பூச்சி ராத்திரியில தேடி வர்றது தண்ணியையும் சாப்பாட்டுத் துணுக்கையும்தான்.
* அடுப்பையும் மேடையையும் சூடு ஆறினதும் துடைச்சிடுங்க. எண்ணெய்ப் பிசுக்கு அன்னிக்கே ஒரு துடைப்புல போகும். ஒரு மாசம் விட்டா சுரண்டித்தான் எடுக்கணும்.
* ஹால்ல கிடக்கிற பொருள்களை ஒரு கூடையில போட்டு, அதது இடத்துல வெச்சிடுங்க.

வாரம் ஒருமுறை
* படுக்கை விரிப்பு, தலையணை உறை துவைக்கிறது. தூசு ஒவ்வாமை இருக்கிறவங்க வீட்டுல வெந்நீர்ல துவைச்சா இன்னும் நல்லது.
* பாத்ரூம், வாஷ்பேசின்.
* ஃபிரிட்ஜை ஒருமுறை முழுசா பார்க்கிறது.
* தண்ணி தேங்குற இடங்களைக் காலி பண்றது.

மாசம் ஒருமுறை
* ஃபேன், ஜன்னல் கம்பி, எக்ஸாஸ்ட் ஃபேன் அல்லது சிம்னி ஃபில்டர்.
* மளிகை டப்பாக்கள். பழசு தீர்ந்து, டப்பாவைக் கழுவிக் காய வெச்ச பிறகுதான் புதுசைக் கொட்டணும். இல்லைன்னா பழசுல இருக்கிற வண்டு புதுசுக்கும் ஏறிடும்.
* மீட்டர் பாக்ஸ் பக்கத்துல இருக்கிற ட்ரிப்பரை டெஸ்ட் பண்றது.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை
* மொட்டைமாடி டேங்க், பரண், மருந்துப் பெட்டி.

வேலை செய்யும்போது ரெண்டு விதி போதும். மேல இருந்து கீழ வரணும். உலர்ந்த வேலை முதல்ல, ஈர வேலை அப்புறம். தரையைத் துடைச்சுட்டு ஃபேனைத் துடைச்சா, மறுபடியும் தரையிலதான் வந்து நிப்பீங்க. ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்துப் பாருங்க. தூசி உறைக்குள்ளேயே விழுந்துடும். ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு!

பாத்ரூம்: கலக்கவே கூடாது

எங்க அம்மாவுக்கு நடந்தது எப்படி? பிளீச்சிங் பவுடர்ல இருக்கிறது கால்சியம் ஹைப்போகுளோரைட். டாய்லெட் கிளீனர் பலதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். காத்தோட்டம் இல்லாத சின்ன பாத்ரூம்ல அது நேரா நுரையீரலைத் தாக்கும். பிளீச்சோட வினிகர் சேர்த்தாலும் இதே குளோரின்தான். அம்மோனியா கலந்த கிளீனரைச் சேர்த்தா வேற ஒரு நச்சு வாயு வரும்.

அதனால விதி ஒண்ணுதான்: ஒரு நாளைக்கு ஒரு கிளீனர். அடுத்ததைப் போடணும்னா, முதல்ல போட்டதை நிறைய தண்ணி ஊத்தி முழுசா கழுவி விட்டுட்டு, இன்னொரு நாள் போடுங்க. கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். கையில கிளவுஸ் இருக்கட்டும். தப்பித்தவறி புகை வந்துட்டா, உள்ள நின்னு கழுவப் பார்க்காம உடனே வெளியே வாங்க. மூச்சுத்திணறல் குறையலைன்னா 108-ஐக் கூப்பிடுங்க.

ரீல்ஸ்ல வர்ற ‘வினிகர் பிளஸ் சமையல் சோடா’ டிரிக்ல ஆபத்து இல்லை, ஆனா பெரிய பிரயோஜனமும் இல்லை. ஒண்ணு அமிலம், இன்னொண்ணு காரம். நுரைச்சு முடிச்சதும் ரெண்டோட வீரியமும் போயிடும். தனித்தனியா பயன்படுத்தினாதான் வேலை செய்யும். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா. உப்புத் தண்ணியால குழாயில படியுற வெள்ளைக் கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சை. வினிகர்ல நனைச்ச துணியைக் குழாயில கால் மணி நேரம் சுத்தி வெச்சுட்டுத் தேய்ச்சுக் கழுவினா கறை இளகிடும். மார்பிள், மொசைக் தரையில மட்டும் எந்த அமிலமும் வேண்டாம், பளபளப்பை அரிச்சிடும். டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமென்ட்டுக்கும் அதே கதிதான்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஃபினாயிலையோ ஆசிட்டையோ கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. குழந்தைக்குத் தெரியுறது பாட்டில் மட்டும்தான். யாராவது குடிச்சிட்டா, வாந்தி எடுக்க வைக்க முயற்சி பண்ணாம, அந்த பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அமிலம் திரும்பி மேல வரும்போது தொண்டையை இன்னொரு தடவை எரிக்கும்.

சமையலறை: பளிச்னு இருந்தா போதாது

மேடை பளபளன்னு இருக்கும்; அதைத் துடைக்கிற துணி நாறும். ஈரமாவே கிடக்கிற கரித்துணியும் ஸ்பாஞ்சும் கிருமிகளுக்கு விருந்து. நாலைஞ்சு துணி வெச்சுக்கிட்டு தினமும் மாத்துங்க; துவைச்சு வெயில்ல காயப் போடுங்க. ஸ்பாஞ்ச் வாடை வர ஆரம்பிச்சா தூக்கிப் போட்டுடுங்க.

ஃபிரிட்ஜ் உள்ள 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருக்கணும். கதவு திறக்க இடம் இல்லாம அடைச்சு வெச்சா குளிர் சுத்தாது. சமைச்ச உணவு மேல் தட்டுல. மீன், கறி மூடின டப்பாவுல கீழ் தட்டுல. கீழ இருந்தாதான் அதோட தண்ணி மத்ததுல சொட்டாது. சமைச்ச சாப்பாட்டை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குறிப்பா சாதம். அதுல வளர்ற ஒருவகை பாக்டீரியா உண்டாக்குற நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

அடுத்து கேஸ். ஆரஞ்சு கலர் டியூபைத் திருப்பிப் பாருங்க, வருஷம் அச்சாகியிருக்கும். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். விரிசல் தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே மாத்தணும். பார்க்க அழகா இருக்கட்டும்னு டியூப் மேல துணியோ கவரோ சுத்தாதீங்க. விரிசல் தெரியாமப் போயிடும். எல்.பி.ஜி காத்தைவிடக் கனமானது. கசிஞ்சா தரையோட படியும். வாடை வந்தா ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க. லைட், ஃபேன் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரும் வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் பண்ணுங்க. எல்.பி.ஜி கசிவுக்கான அவசர எண் அது. இப்பவே போன்ல சேவ் பண்ணிடுங்க.

கொசு: சுத்தமான வீட்டுலதான் வரும்!

டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. தெளிஞ்ச தண்ணி போதும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற ட்ரே, மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, ஏர்கூலர், மொட்டைமாடியில கிடக்கிற பழைய டயர், தேங்காய்த் தொட்டி... இதெல்லாம் அதோட பிரசவ வார்டு. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனாலதான் வாரம் ஒருமுறை காலி பண்றது கணக்கு. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தோட ஓரத்துல ஒட்டியிருக்கும். காய்ஞ்சு கிடந்தாலும் பல மாசம் தாங்கும். நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும்.

பீரோவும் பரணும்

ஒரு வருஷமா தொடாத பொருள் பரண்ல எவ்வளவு இருக்கும்னு எண்ணிப் பாருங்க. தூக்கிப் போட மனசு வராததை ஒரு அட்டைப்பெட்டியில போட்டு, இன்னைய தேதியை எழுதி வைங்க. ஆறு மாசத்துல யாரும் அதைத் தேடலைன்னா, தேவைப்படுறவங்களுக்குக் கொடுத்துடுங்க. புதுசா ஒரு சட்டை உள்ளே வந்தா, பழசு ஒண்ணு வெளியே போகணும்னு வெச்சுக்கிட்டா பீரோ எப்பவும் மூடும்.

பட்டுப்புடவைக்கு நடுவுல அந்துருண்டை போடுற வழக்கம் இருக்கா? பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுல அது கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை வெச்ச துணியில இருக்கிற நாப்தலினே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைச்சு மஞ்சள்காமாலை வரை கொண்டு போகலாம். துணியை வெயில்ல உலர்த்தி, வேப்பிலையைக் காயவெச்சு வைக்கிறது பாட்டி காலத்து வழி. இப்பவும் அதுவே போதும்.

வீட்டுல இருக்க வேண்டியவை

* பூந்துடைப்பம், தென்னந்துடைப்பம், ஒட்டடைக்குச்சி. சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் தனித்தனி மாப், தனித்தனி பக்கெட், வேற வேற கலர்ல.
* மைக்ரோஃபைபர் துணி நாலு, ரப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி.
* டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், டார்ச், இன்சுலேஷன் டேப். எல்லாம் ஒரே பெட்டியில, எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துல.
* 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ட்ரிப்பர்னு சொல்வாங்களே, அதுதான். கரன்ட் கசிஞ்சா கண்ணிமைக்கிற நேரத்துல அணைச்சிடும். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒருமுறை அமுக்கணும். மெயின் அணையலைன்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.
* முதலுதவிப் பெட்டி. மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கிற பக்கத்தை கடைசி வரை விட்டு வைங்க. தீக்காயம் பட்டா பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டணும். அதுக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை.

இதெல்லாம் யார் செய்யறது?

கேள்வியே இங்கதான் இருக்கு. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யுற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க. ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்யுற ஆண்களை மட்டும் எடுத்த சராசரி இது.

அந்தத் தீபாவளி முடிஞ்சதும் அம்மா தலைக்குள்ள இருந்த லிஸ்ட்டை எழுதச் சொன்னோம். நோட்டுல ஒரு பக்கம் போதலை. பால் கவர் கழுவிக் காயப்போடுறதுல இருந்து, கேஸ் எப்போ தீரும்னு கணக்கு வைக்கிறது வரை எல்லாம் அதுல இருந்துச்சு. வேலையைவிட, அதை ஞாபகம் வெச்சுக்கிறதுதான் பெரிய பாரம்னு அப்பத்தான் தெரிஞ்சது.

அதனால வேலையைப் பிரிக்கும்போது ‘ஹெல்ப் பண்றேன்’னு பிரிக்காதீங்க, பொறுப்பாவே பிரிச்சுக்கோங்க. பாத்ரூம் தம்பியோடதுன்னா, கிளீனர் தீர்ந்ததைக் கவனிக்கிறதும் வாங்கிட்டு வர்றதும் கழுவுறதும் அவன்தான். யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. எங்க வீட்டுல கேஸ், டேங்க், கரன்ட் அப்பாவுக்கு. ஃபிரிட்ஜ், துணி எனக்கு. வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல லிஸ்ட் பின் பண்ணியிருக்கு. வாரம், மாசத்துக்கு அவங்கவங்க போன்ல ரிமைண்டர் அடிக்கும். ஆரம்பத்துல தம்பி ரெண்டு வாரம் ஏமாத்தினான். அம்மா போய்க் கழுவாம விட்டதும், மூணாவது வாரம் அவனே பிரஷ்ஷைத் தேடினான்.

போன வருஷம் தீபாவளிக்கு முதல் நாள், ஒட்டடை அடிக்க ஒரு மணி நேரம்தான் ஆச்சு. அம்மா டிவி முன்னாடி உட்கார்ந்து முறுக்குப் பிழிஞ்சாங்க. நடுவுல ஒருமுறை எழுந்து, ‘‘பாத்ரூம்ல யாருடா, கதவைத் திறந்து வெச்சுக் கழுவு’’ன்னு குரல் கொடுத்தாங்க. அவ்வளவுதான் அவங்க வேலை.