சிறைக்கா, சிகிச்சைக்கா? – சித்தூர், திருப்பதி மண்ணில் ஒரு சட்ட வரலாறு

இறைவனையே 'பித்தன்' என்று அழைத்தவர் சுந்தரர். ஆனால் தெருவில் தனக்குத் தானே பேசிக்கொண்டு போகிறவர் கடையில் ஒரு ரொட்டியை எடுத்துவிட்டால், "பைத்தியம், பிடிச்சு உள்ளே போடுங்க" என்பதே நம் வழக்கம். இந்த வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது திருப்பதியும் அதில் அடக்கம். 1953 வரை இரண்டும் சென்னை மாகாணத்தின் பகுதிகள். சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனோலி என்ற மருத்துவர் மனநோயாளர்களுக்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் திறக்கப்பட்டது. 1858, 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டிலும் நோயாளியைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது ஒரு முக்கிய வழி. ஆக, பலருக்கு மருத்துவமனைக்குப் போகும் பாதையே காவல் நிலையம் வழியாகத்தான் இருந்தது.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, தான் செய்வது இன்னதென்று அறியாத மனநிலையில் செய்த செயல் குற்றமாகாது என்றது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் விசாரணை முடியும் வரை அவரை எங்கே வைப்பது? அஸ்ஸாமில் 1951இல் கைதான மச்சாங் லாலுங் குணமாகிவிட்டதாக 1967இலேயே மருத்துவர்கள் சொன்னார்கள். அதன் பிறகும் விசாரணையின்றிச் சிறையில் கிடந்து, 2005இல்தான் வெளியே வந்தார். மொத்தம் 54 ஆண்டுகள்!

குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்ஸே வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் இன்னும் ஒரு படி முன்னே போனது. மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவை இல்லையென்றால், வழக்கு ஜாமீன் தரக்கூடியதோ இல்லையோ, அவரை விடுவிக்க வேண்டும். அதற்கு உறவினரோ நண்பரோ வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற வைப்பதாக உறுதி தர வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவோ, தெருவில் அலைபவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் இதற்கெனத் தனி நீதிமன்றம் 1997இல் தொடங்கியது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் "உறவினரோ நண்பரோ" என்ற அந்தச் சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. திருப்பதிக்கு நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். வழிதவறி வந்த தமிழர் ஒருவர், ஊர் பேரையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல், தெலுங்கும் புரியாமல் நின்றால் யார் அவருக்கு உறவு? கையெழுத்துப் போட ஆளில்லை என்பதாலேயே அவர் சிறையில் கிடக்கக் கூடாதல்லவா?

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. காவல் நிலையத்தில் நம்ம பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லலாம். ருயா அரசு மருத்துவமனைக்குக் கூடப் போகலாம். ஊரில் வீட்டைத் தேடிப் பிடிக்கலாம். சட்டம் கேட்கும் அந்த 'நண்பர்' நாமாகவே இருக்கலாமே!