நோன்புக் கடப்பாசியும் முகப்பூச்சும்: ஒரு சின்ன வரலாறு



எங்கள் பகுதிப் பெண்கள் பலர் இப்போது கற்றாழை ஜெல், செவ்வரத்தை ஷாம்பு, அரிசித் தண்ணீர்க் கிறீம் என்று வீட்டிலேயே செய்கிறார்கள். சிலர் போத்தலில் அடைத்து விற்கவும் தொடங்கிவிட்டார்கள். நல்ல விடயம். அதைத் தடிப்பாக்குவதற்கு 'அகார் பவுடர்', 'கராஜீனன்' என்று கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறார்கள். "இது என்ன சாமான், ஹலாலா?" என்று ஆசிரியர்களாகிய எங்களிடமும் கேட்கிறார்கள்.

அகார் வேறொன்றுமில்லை. நோன்பு துறக்கும் நேரம் எங்கள் வீடுகளில் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைக்கும் அதே கடப்பாசிதான். கராஜீனன் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டுமே கடலில் வளரும் சிவப்புப் பாசி இனங்களிலிருந்து எடுப்பவை. மிருகத்தின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது ஜெலட்டின். எந்த மிருகம், எப்படி அறுத்தது என்று கேட்கவேண்டியது அதற்குத்தான்.

இந்தப் பாசியின் வரலாறு எங்கள் கரையையும் தொட்டுப் போகிறது. 'அகர்-அகர்' மலாய்ச் சொல். பாசியைக் காய்ச்சிய களியை உறையவிட்டு, உருகவிட்டு, உலர்த்திச் சருகாக்கி வைக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கடலில் விளையும் கஞ்சிப்பாசிக்கு 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மருந்து நூல்களில் இரண்டு பெயர்கள் இருந்தன: 'சிலோன் பாசி', 'யாழ்ப்பாணப் பாசி'. 1830களில் கல்கத்தாவில் இருந்த வைத்தியர் ஓஷானசி அதைப் பகுத்து ஆராய்ந்து எழுதினார். நோயாளிக்குக் காய்ச்சிக் கொடுக்கும் இலகுவான உணவாக அது அறியப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தின் பெயர் கல்கத்தாவிலும் இலண்டனிலும் மருந்துப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் அது இல்லை.

அடுத்தது எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி. 1881, 1882 காலத்தில் பெர்லினில் றொபேர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் பாவித்தார்கள். கோடை வந்தால் ஜெலட்டின் உருகிவிடும். உடம்புச் சூட்டிலேயே அது தண்ணீராகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்று கரைத்தும் விடும். அங்கே வேலை செய்த வால்ட்டர் ஹெஸ்ஸே தலையில் கைவைத்தார். அவருடைய மனைவி ஃபனி ஹெஸ்ஸே தன் வீட்டு ஜெலியும் புடிங்கும் வெயிலிலும் உருகாமல் நிற்கும் இரகசியத்தைச் சொன்னார்: அகார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒரு டச்சு அயல்வீட்டார். அகார் ஏறத்தாழ 85 பாகை செல்சியஸில்தான் உருகும். ஆறி 40 பாகைக்குக் கீழே வந்த பிறகுதான் உறையும். வவுனியாவின் சித்திரை வெயிலில் மஃரிப் வரைக்கும் எங்கள் கடப்பாசி குலையாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே தம்பதியின் பெயரை எழுதவில்லை. இன்றைக்கும் உலகத்தின் ஆய்வுகூடங்கள் எல்லாம் பாவிப்பது அந்தக் குசினி அறிவைத்தான்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அகார் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் ஜப்பானின் கையில். 1941 டிசம்பரில் ஜப்பான் நேச நாடுகளுடன் போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. பிரித்தானியா தன் கரைகளிலேயே பாசி தேடியது. நியூசிலாந்தில் மவோரி மக்கள் சேகரித்துக் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு இலங்கைக் கடலின் பாசிகளை ஒழுங்காக வகைப்படுத்தியவர் துரைரத்தினம் என்ற ஆய்வாளர். அவருடைய நூல் 1961இல் கடற்றொழில் ஆய்வு நிலையத்தின் வெளியீடாக வந்தது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் கரையில், பெண்கள்தான் கடலில் மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பறித்தார்கள். இந்தப் பக்கம் கஞ்சிப்பாசி விளையும் இடங்களில் புத்தளம் களப்பும் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் ஆட்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்ததும் அதே புத்தளம், கற்பிட்டிப் பக்கம்தான். எங்களில் பலர் அந்தக் களப்புக் காற்றில் வளர்ந்தவர்கள். அகதி முகாமின் ஓலைக் கொட்டிலிலும் நோன்புக்குக் கடப்பாசி காய்ச்சினார்கள் எங்கள் உம்மாமார். பால் இல்லாவிட்டால் சீனித் தண்ணீரில்.

இப்போது வன்னிக்கு வருவோம். கிளிநொச்சி மாவட்டத்தில் வலைப்பாட்டுக் கடலில் மிதவை கட்டி 'கப்பாபைக்கஸ்' என்ற பாசி வளர்க்கிறார்கள். கராஜீனன் எடுப்பது இதிலிருந்துதான். 1970களில் பிலிப்பைன்சில் தொழிலாக வளர்ந்து, 1990களில் மண்டபம் கரைக்கு வந்து, போர் முடிந்த பிறகு எங்கள் வடகடலுக்கும் வந்த பயிர் இது. நட்டு ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. மாரி மழையில் கடல்நீரின் உப்புக் குறைந்தால் பயிர் வாடும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ அளவுதான் மிஞ்சும். காய்ந்த பாசி மூட்டையாக ஏற்றுமதிக்குப் போகிறது. பற்பசையிலும் லோஷனிலும் அதன் தூள் திரும்பி வருகிறது. நாங்கள் கடையில் வாங்கும் பைக்கற்றில் பெரும்பாலும் வேறு நாட்டின் பெயர்தான். வலைப்பாட்டிலேயே தூளாக்க முடியாதா என்று கேட்டால் மூலதனம், இயந்திரம், தொழில்நுட்பம் என்று பதில் வரும். பதில் நியாயம்தான். அதற்காகக் கேட்காமல் இருக்கவேண்டியதில்லை.

சரி, ஜெல் செய்பவர்களுக்கு. ஒன்றரைக் கப் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி அகார் தூள் போதும். பச்சைத் தண்ணீரிலேயே தூளைக் கரைத்து, இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். வெறும் சுடுநீரில் போட்டால் கரையாமல் மணல்மாதிரி நிற்கும். முழுக்க ஆறி உறைந்த பிறகு பிளெண்டரில் அடித்தால் தலையில் பூசும் பதம் வரும். கற்றாழைச் சோற்றைப் பிறகு சேருங்கள். முகத்துக்குத் தேசிக்காய்ச்சாறு வேண்டாம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். கராஜீனனுக்குக் குணம் வேறு. பாலோடு சேர்ந்தால் இன்னும் கெட்டியாகும்.

ஃபனி ஹெஸ்ஸேயின் கதையை நீட்டிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அகாரைக் கிருமிகள் அநேகமாகத் தின்னாது. ஆனால் அகாரோடு சத்துச் சேர்த்தால் அது கிருமி வளர்க்கும் தட்டு. அரிசித் தண்ணீர், பால், தேன், கற்றாழை எல்லாம் கிருமிக்குச் சாப்பாடு. அகார், அரிசித் தண்ணீர், வன்னி வெயில் மூன்றும் ஒரே போத்தலில் இருந்தால் கோக்கின் ஆய்வுகூடம் உங்கள் அலுமாரியில்தான். மணம் மாறுவதற்கு முன்னரே கெட்டிருக்கலாம். வீட்டுக்குச் செய்வதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். காயம், கொப்புளம் உள்ள தோலில் பூசவேண்டாம். விற்கும் தங்கச்சிமார், பழுதாகாமல் காக்கும் மருந்து சேர்க்காத ஜெலைப் போத்தலில் விற்கவேண்டாம். ஒரு பிள்ளையின் முகம் புண்ணானால் உங்கள் தொழிலும் போகும், அடுத்த வீட்டுப் பெண்ணின் தொழிலும் போகும். காய்ந்த தூளாகப் பொதிசெய்து, செய்முறைத் தாளோடு விற்கலாம். ஈரம் படாத தூள் மாதக்கணக்கில் நிற்கும்.

முல்லைத்தீவு, நாச்சிக்குடா, வலைப்பாடு பக்கத்து மூத்தவர்களிடம் ஒன்று கேட்கிறோம். 1990க்கு முன்னர் எங்கள் கரைகளில் யாராவது கஞ்சிப்பாசி பொறுக்கிக் காய்ச்சியது நினைவிருக்கிறதா? என்ன பெயர் சொன்னார்கள், எந்த மாதத்தில் எடுத்தார்கள், தலைக்கோ தோலுக்கோ பூசினார்களா? வயதானவர்களுக்கு எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகள் குரல்பதிவு எடுத்து அனுப்புங்கள். எங்கள் மாணவர்களைக் கொண்டு எழுதி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.