பென்சில் கோட்டில் ஓடிய மின்சாரம்

நீட் தேர்வில் பிள்ளைகள் வட்டம் வட்டமாக நிரப்புகிறார்களே, அந்த ஓஎம்ஆர் தாளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு சிறுவனின் விஷமத்தில் போய் நிற்கும்.

அமெரிக்காவில் ரெனால்ட் ஜான்சன் என்ற அந்தப் பையனின் அக்காமாரைப் பார்க்க இளைஞர்கள் காரில் வருவார்களாம். இவன் மெல்லப் போய் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு கிழித்துவிடுவான். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பொறி எழுப்ப வேண்டிய மின்சாரம் கோட்டின் வழியே நழுவிவிட, வண்டி கிளம்பாது.

வளர்ந்தபின் மிச்சிகன் மாநிலத்து அயர்ன்வுட்டில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் வாத்தியாரானார். கட்டுக் கட்டாகத் தாள் திருத்துவது எந்த ஊர் வாத்தியாருக்கும் தலைவலிதான். அதற்கு அந்தப் பழைய பென்சில் கோட்டையே பயன்படுத்த நினைத்தார் ஜான்சன்: சரியான விடையில் கோடு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்ததை மொத்தமாக அளந்தால் அதுவே மார்க். சொல்ல எளிது. ஆனால் ஒருவன் அழுத்திக் கோடு போடுவான், இன்னொருத்தி பட்டும் படாமலும் போடுவாள். அழுத்தியவனுக்கு மார்க் கூடிவிடுமே! ஒவ்வொரு இணைப்பிலும் பெரிய மின்தடை ஒன்றைச் சேர்த்தார் ஜான்சன். அதன் முன்னால் கோட்டின் தடை பொருட்டே இல்லை. மெல்லிய கோடும் தடித்த கோடும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தை விட்டன. என்னைக் கேட்டால் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பென் வுட் இதில் ஆர்வம் காட்ட, 1934இல் ஐபிஎம் ஜான்சனை வேலைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் 'ஐபிஎம் 805' சந்தைக்கு வந்தது. தாளைச் செருகி, முள் காட்டும் எண்ணை ஆள்தான் பார்த்து எழுத வேண்டும். பழகிய கைக்கு மணிக்குச் சுமார் 800 தாள். பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விமுறை 1910களிலேயே உண்டு. அதை அசைக்க முடியாதபடி நிலைநிறுத்தியது இந்த எந்திரம். 'ஏன்?' என்ற கேள்விக்கு மாணவர் எழுதும் பதிலைப் படிக்க அதற்குத் தெரியாதே.

1950களில் அயோவாவில் லின்ட்குவிஸ்ட் என்பவர் ஒளியால் படிக்கும் எந்திரம் செய்தார். கோடு கறுப்பாக இருந்தால் போதும், மின்சாரம் கடத்த வேண்டியதில்லை. பென்சிலின் இடத்தில் பேனா வர வழி பிறந்தது இப்படித்தான்.

இன்று ஜேஇஇ மெயினும் அமெரிக்காவின் எஸ்ஏடியும் தாளை விட்டுக் கணினிக்குப் போய்விட்டன. கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னோடியான ராமாக் வட்டை 1956இல் உருவாக்கிய ஐபிஎம் குழுவின் தலைவரும் இதே ஜான்சன்தான்.