வீட்டில்தானே இருக்கிறாள்

1976ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் மனைவி படுத்த படுக்கையாகிவிட்டாள். கணவன் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டாவது வீட்டில் நோய் கணவனுக்கு. மனைவி வேலையை விட்டுவிட்டாள். இரண்டு வீட்டிலும் ஒரு சம்பளம் நின்றுபோனது. இரண்டு வீட்டிலும் இரவில் எழுந்து புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த வருடம் பிரிட்டிஷ் அரசு ஒரு புதிய உதவித்தொகையைத் தொடங்கியது. பெயர் 'இன்வேலிட் கேர் அலவன்ஸ்'. கடுமையாக முடங்கிப்போன உறவினர் ஒருவரை வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்வதால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கானது. முதல் வீட்டுக் கணவன் அதற்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது வீட்டு மனைவி விண்ணப்பிக்க முடியாது. அவள் எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும் சரி, வீட்டு வாடகையே அவள் சம்பளத்தில்தான் போனது என்றாலும் சரி. காரணம் ஒன்றுதான்: அவள் கணவனோடு வாழும் மனைவி. கல்யாணம் செய்யாமல் ஓர் ஆணோடு சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும் இதே கதிதான்.

இது ஏதோ ஒரு கவுண்டரில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் குணக்கேடு அல்ல. 1975ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் வந்த அரசின் வெள்ளை அறிக்கை அதற்கான காரணத்தையும் சொன்னது. சுருக்கமாக இப்படி: கல்யாணமான பெண்கள் எப்படியிருந்தாலும் வீட்டில் இருக்கக்கூடியவர்கள்தானே. நம் வீடுகளில் கேட்டுப் பழகிய வாக்கியம்தான். 'அவ சும்மா வீட்லதான இருக்கா?'

இதில் எனக்கு வியப்பான விஷயம், அந்தத் துறைக்கு அப்போது அமைச்சராக இருந்தவர். பார்பரா காசில். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற 1970ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். அந்தச் சட்டம் 1975 டிசம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களில் இந்த உதவித்தொகை வந்தது. தொழிற்சாலைக்குள் பெண்ணின் ஒரு மணி நேரமும் ஆணின் ஒரு மணி நேரமும் சமம். கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படி இல்லை.

இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை பிரிட்டனின் நலத்திட்டங்களுக்கு அடித்தளம் போட்டது. அதன் கணக்கில் கல்யாணமான பெண் தனி வகை. கணவன் காப்பீட்டுத் தொகை கட்டுவான், அவன் வழியாக அவளுக்குக் கிடைக்கும். அவளுக்கென்று இழப்பதற்கு ஒரு வருமானம் இருக்கலாம் என்பது அந்தக் கணக்கில் ஓரத்தில்தான் இருந்தது.

அடுத்த பகுதி மேரி வெப்ஸ்டரின் கதை. கிறிஸ்தவ சபைப் போதகர். கல்யாணம் ஆகாதவர். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர். 1963இல் அவர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். என்னைப்போல எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம். பதில்கள் வந்து குவிந்தன. 1965இல் தனித்து வாழும் பெண்களுக்கும் அவர்களை நம்பி இருப்பவர்களுக்குமாக ஒரு தேசிய அமைப்பு உருவானது. பின்னாளில் வந்த உதவித்தொகைக்கு முக்கியமான தூண்டுதல் இந்த அமைப்புதான். அவர்கள் கேட்டது நியாயமானது. ஆனால் சட்டம் எழுதியவர்கள் கண்முன் நின்ற உருவம் கல்யாணமாகாத மகள். அவளுக்குச் சம்பளம் போனது தெரிந்தது. ஆணுக்குச் சம்பளம் போனது என்றாலும் தெரிந்தது. மனைவிக்குச் சம்பளம் போனது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1977இல் உடல் முடங்கிய இல்லத்தரசிகளுக்கு ஓர் ஓய்வூதியம் வந்தது. ஓர் ஆணோ தனித்து வாழும் பெண்ணோ தன்னால் வேலைக்குப் போக முடியாது என்று காட்டினால் போதும். மனைவியோ தன்னால் வழக்கமான வீட்டு வேலைகளையும் செய்ய முடியவில்லை என்று கூடுதலாக நிரூபிக்க வேண்டும். நோயாளியைக் கவனித்தால் அது அவள் வழக்கமான வேலை, காசு கிடையாது. அவளே நோயாளியானால் சமைக்க முடிகிறதா, துடைக்க முடிகிறதா என்று கேள்வி. 1984 வரை இது இருந்தது.

இந்த வரலாற்றுக்குள் நான் வந்த வழி மிகச் சாதாரணமானது. லண்டனில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, சித்தி கடை வேலையை விட்டபோது, அவருக்காக விண்ணப்பம் நிரப்பினேன். பாதியில் சித்தி கேட்டார்: "என்ர மனுசனை நான் பாக்கிறதுக்கு இவங்கள் ஏன் காசு தரோணும்? ஆக்கள் கேட்டால் என்ன நினைப்பினம்?" சித்தியின் கூச்சம் எனக்குப் புரிந்தது. பார்த்துக்கொள்வதற்குக் கூலி வாங்குவதாக அவர் நினைத்தார். ஆனால் அந்தத் தொகை அன்புக்கான விலை அல்ல, நின்றுபோன சம்பளத்துக்கான ஒரு சின்ன ஈடு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது சித்தி மட்டுமல்ல. ஒரு நாட்டின் பாராளுமன்றமே பத்து வருடம் அப்படித்தான் குழம்பியிருந்தது.

அந்தக் குழப்பத்தை உடைத்தவர் மான்செஸ்டர் பக்கத்தைச் சேர்ந்த ஜாக்குலின் டிரேக். அவர் பார்த்துக்கொண்டது கணவனை அல்ல, தாயை. 1984இல் உடல் முடங்கிய தாய் அவர் வீட்டுக்கு வந்தார். டிரேக் வேலையை விட்டார். கல்யாணமாகாதவராக இருந்திருந்தால் தொகை கிடைத்திருக்கும். மனைவி என்பதால் மறுத்தார்கள்.

ஆனால் காலம் அவருக்குச் சாதகமாக இருந்தது. சமூகப் பாதுகாப்பில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று ஐரோப்பிய சமூகம் 1978 டிசம்பரில் ஓர் ஆணை இட்டிருந்தது. உறுப்பு நாடுகளுக்கு ஆறு வருட அவகாசம். அது 1984 டிசம்பரில் முடிந்தது. டிரேக் 1985இல் விண்ணப்பித்தார். தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அதை எதிர்த்து மேல்முறையீடு. வழக்கு லக்ஸம்பர்க்கில் இருந்த ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே எழுந்த கேள்வி நுட்பமானது. அந்த ஆணை உழைக்கும் மக்களுக்கானது. உடல் முடக்கம் வந்தது தாய்க்கு, பணம் கேட்பதோ மகள். மகள் அந்த ஆணைக்குள் வருவாரா? வருவார் என்றது நீதிமன்றம். உடல் முடங்கிய தாய்க்காக ஒருவர் வேலையை நிறுத்தினால் அவரும் உழைக்கும் மக்களில் ஒருவர்தான். எனக்கு இந்த வழக்கிலேயே முக்கியமான இடம் இதுதான். நோய் ஒருவர் உடம்பில் வருகிறது, அது இன்னொருவரின் வேலையையும் எடுத்துக்கொள்கிறது. இதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

தீர்ப்பு வந்த நாள் 1986 ஜூன் 24. அதற்கு முந்தைய நாளே, தோற்கப்போவது தெரிந்ததாலோ என்னவோ, கல்யாணமான பெண்களுக்கும் தொகை உண்டு என்று அரசு அறிவித்துவிட்டது. 1984 டிசம்பர் முதலான நிலுவையும் கிடைத்தது.

டிரேக் தனியாக வெல்லவில்லை. குழந்தை வறுமைக்கு எதிரான செயற்குழு என்ற அமைப்பு பின்னால் இருந்தது. 1981இல் ஜூடித் ஆலிவர் பராமரிப்பாளர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். உடல் முடங்கிய கணவரைப் பார்த்துக்கொண்டவர் அவர். மகளோ மனைவியோ கணவனோ, எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்ததுதான் அந்தச் சங்கத்தின் பலம். மேரி வெப்ஸ்டரின் அமைப்பும் இதுவும் 1988இல் ஒன்றாயின. இன்று 'கேரர்ஸ் யூகே' என்று அறியப்படுவது அதுதான்.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? தொகைக்கு இப்போது 'கேரர்ஸ் அலவன்ஸ்' என்று பெயர். 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 83.30 பவுண்டு. 35 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 2.38 பவுண்டு. அதே மாதம் 21 வயது நிரம்பியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பகுதிநேர வேலை செய்யலாம், ஆனால் வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு; 2025 ஏப்ரலில் அது வாரம் 196 பவுண்டாக இருந்தது. ஒரு பவுண்டு தாண்டினாலும் முழுத்தொகையும் போய்விடும். இப்படித் தெரியாமல் தாண்டியவர்களிடம், சிலரிடம் ஆயிரக்கணக்கில், அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டது 2024இல் பெரிய செய்தியானது. லிஸ் சேஸ் தலைமையில் தனி விசாரணை வைக்க வேண்டி வந்தது.

இன்னொன்று, துணைவரைப் பார்ப்பவர்களை நேராகத் தாக்குவது. அரசு ஓய்வூதியம் இந்தத் தொகையைவிட அதிகமாக இருந்தால் இது கையில் வராது. இரண்டும் வருமானத்துக்கு மாற்று, இரண்டு முறை தர முடியாது என்பது விளக்கம். காகிதத்தில் பார்த்தால் சரி. ஆனால் கணவனை மனைவியும் மனைவியைக் கணவனும் தூக்கி உட்காரவைக்கும் வயது பெரும்பாலும் அதுதான். எழுபது வயதில் வேலை ஓய்ந்துவிடுகிறது, பார்த்துக்கொள்வது ஓய்வதில்லை.

1974இல் அந்த வாக்கியம் வெள்ளை அறிக்கையில் வெளிப்படையாக இருந்ததால் டிரேக்கால் அதை நீதிமன்றத்துக்கு இழுத்துச்செல்ல முடிந்தது. இன்று அது எங்கும் எழுதப்படவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. ஆனால் மணிக்கு 2.38 பவுண்டு என்ற எண்ணை யார் தீர்மானித்தாலும், அவர் மனதுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்: காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இவர்கள் எப்படியும் பார்த்துக்கொள்வார்கள். உண்மைதான், பார்த்துக்கொள்வார்கள். அதனால்தான் அந்த எண் இவ்வளவு சின்னதாகவே இருக்கிறது.