விளிம்பில் ஒரு பெயர்

வெள்ளியில் அடித்த வட்டம். குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஊதா நாடா, நடுவில் ஒரு பச்சைக் கோடு. நாடாவும் வட்டமும் சேரும் இடத்தில் சின்னதாய் ஒரு வெள்ளிப் பட்டை. அந்தப் பட்டையில் ஒரே ஒரு சொல்: மலாயா.

கெடாவில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் யாருடைய இரும்புப் பெட்டியிலாவது இது அகப்பட்டால், முதலில் ராஜா ராணி தலையைத்தான் பார்ப்போம். ஆனால் இந்தப் பதக்கத்தின் உயிர் அங்கே இல்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குச் சண்டைகள் ஓயவில்லை. ஈராக், குர்திஸ்தான் என்று மூலைக்கு மூலை சின்னச் சின்னப் போர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதக்கம் அடித்தால் கட்டுப்படியாகாது. அதனால் 1923 ஜனவரி 19 அன்று பொதுச் சேவைப் பதக்கம் பிறந்தது. வட்டம் ஒன்றே, எந்த மண்ணில் சண்டையோ அந்தப் பெயரோடு ஒரு பட்டை மேலே ஏறும். 1918 முதல் நடந்தவற்றையும் கணக்கில் சேர்த்து, மொத்தம் 16 பட்டைகள் வெளிவந்தன. பின்பக்கத்தில் சிறகு விரித்து, கையில் திரிசூலத்தோடு நிற்கும் வெற்றித் தேவதையை வடித்தவர் எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்த வெண்கலத் தகடும் இவர் வடிவமைத்ததுதான்.

மலாயாப் பட்டைக்கு வித்து விழுந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். 1948 ஜூன் 16 காலை, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பதக்கத்துக்கான கணக்கும் அந்த ஜூன் 16இலிருந்தே தொடங்கி 1960 ஜூலை 31 வரை ஓடுகிறது. நம் தோட்டப்புறத்தில் பெரட்டுக்கு மணியடிக்கிற பொழுதில் விடிந்த ஒரு நாள், லண்டன் ஆவணத்தில் ஒரு போரின் முதல் நாளானது.

அடுத்த ஆறாம் நாளே இன்னொன்று நடந்தது. ஜூன் 22 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் ‘இந்தியப் பேரரசர்’ பட்டத்தை முறைப்படி கைவிட்டார். அவருடைய பழைய பதக்கங்களில் தலையைச் சுற்றி லத்தீனில் அந்தப் பட்டத்தின் சுருக்கம் இருக்கும். பிந்தைய பதக்கங்களில் அது போய், ‘சமயத்தின் காவலர்’ என்பதன் சுருக்கம் வந்தது. கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நம் முன்னோர் எந்தப் பேரரசின் குடிகளாக வந்தார்களோ, அந்தப் பேரரசு உதிர்ந்ததை இந்த வெள்ளியிலேயே படிக்கலாம்.

கெடாவில் இந்தப் பதக்கத்துக்கு உரியவர்கள் பலர். கூர்க்கா படையினரின் பயிற்சி முகாம் 1951 முதல் சுங்கை பட்டாணியில் இயங்கியது. அவர்களைத் தவிர மலாய்ப் படையினர், போலீஸ்காரர்கள், தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அந்தக் காவலர்கள் உச்ச காலத்தில் நாடு முழுக்கச் சுமார் 40 ஆயிரம் பேர். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்; அவர்களோடு இந்தியரும் துப்பாக்கி பிடித்து நின்றார்கள்.

லயத்துக்குள் அந்த வருடங்கள் வேறு முகம் காட்டின. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்துக் கம்பிவேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு. அரிசிக்கு அளவு. பால்வெட்டப் போகிறவர் சோறு கட்டிக்கொண்டு போனால், அது காட்டுக்குள் இருந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்கோ என்று சோதனை. அவசரகாலத்துக்குச் சற்று முன், 1946, 47இல், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் கள்ளுக்கு எதிராகத் தொண்டர் படை எழுந்ததும் இதே கெடாவில்தான். அவசரகாலம் வந்தபின், தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். சீருடை போட்டவரும், சீருடைக்கு எதிரே நின்றவரும், இரண்டுக்கும் நடுவில் வாளி சுமந்தவரும் ஒரே லயத்தில் இருந்திருக்கலாம். 1955 டிசம்பர் 28, 29 நாட்களில் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதும் கெடாவின் பாலிங்கில்தான். அந்தப் பேச்சு முறிந்தது. பதக்கத்தின் கணக்கு இன்னும் நான்கரை வருடம் நீண்டது.

இப்போது அந்த வட்டத்தைத் திருப்பி, விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்ன எழுத்துகளில் பதிந்திருக்கும். இந்த ஒரு வரிதான் ஆராய்ச்சியின் கதவு. எண்ணிலிருந்து சேவைப் பதிவுக்கும், பதவியிலிருந்து அவர் எந்த வகைக் காவலர் என்பதற்கும் போகலாம். பெயரை மட்டும் பல விதமாக எழுதித் தேடவேண்டும். முனியாண்டியும் ராமசாமியும் ஆங்கிலத்தில் ஏறும்போது கிராணிக்குக் கிராணி எழுத்து மாறும். பதக்கம் ஊரைச் சொல்லாது. எந்தத் தோட்டம், எந்த லயம் என்பதைப் பெரியவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

எல்லாப் பதக்கத்திலும் இந்த வாய்ப்பு இல்லை. 1941 டிசம்பரில் ஜித்ராவில் ஜப்பானியரைத் தடுத்து நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கிடைத்த பசிபிக் நட்சத்திரம், பெயர் பொறிக்காமலே கொடுக்கப்பட்டது. பெட்டியை விட்டுப் பிரிந்தால் அது யாருடையது என்று அதுவே சொல்லாது. கெடா தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன நம் ஆட்களுக்கோ பட்டையும் இல்லை, விளிம்பும் இல்லை. அவர்கள் பெயர் செக்ரோலில் இருந்தது. வீட்டார் வாயில் இருந்தது. ஒரு சிப்பாய்க்குக் காட்டிய அந்த ஒரு வரி மரியாதை அவர்களுக்கும் சேரவேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதக்கம் கறுத்திருந்தால் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க முகம் பளபளக்கும், விளிம்பு எழுத்து கரையும். கறுப்பு இருக்கட்டும். பெயரைப் படித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதற்குக் கீழேயே, பதக்கம் வாங்காமல் அதே லயத்தில் வாழ்ந்து முடிந்தவர்களின் பெயரையும் பாட்டியிடம் கேட்டு எழுதிவையுங்கள்.