மூணடிப் பாதை

பிசான அறுப்பு முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். ராத்திரி ஒம்பது மணிக்கு எங்க வைக்கோல் படப்பு பத்திக்கிட்டு. மூணு மாட்டுக்கு ஒரு வருசத் தீவனம். 101-க்கு போன் போட்டோம். வண்டி வந்துட்டு, ஆனா தெருமுக்குல நின்னுட்டு.

"அண்ணாச்சி, இதுக்கு மேல வண்டி போகாது"ன்னார் டிரைவர்.

போகாததுக்குக் காரணம் நான்தான். பத்து வருசம் முன்ன மாட்டுத் தொழுவத்தைத் தெருப்பக்கம் மூணடி இழுத்துக் கட்டினேன். அந்தத் தம்பிமார் ஹோசோட ஹோசை மாட்டி, சந்து வழியா இழுத்துக்கிட்டு ஓடிவந்தாங்க. படப்பு போச்சு. மாடும் பக்கத்து வீடும் தப்பிச்சது.

அடுத்த வாரம் ஒரு வேலையா பாளையங்கோட்டை போனேன். தீயணைப்பு நிலையத்தில் சிவப்பு வண்டி நிக்கிறதைப் பார்த்ததும் கால் தானா நின்னுட்டு. எத்தனை தடவை இந்தப் பக்கம் போயிருப்பேன், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த நிலையத்தைச் சுற்றி சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள்ளேயே எவ்வளவோ சரித்திரம் கிடக்கிறது. பழைய கோட்டையின் மேற்கு வாசல்தான் இன்றைக்கு மேடைப் போலீஸ் ஸ்டேஷன். பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த ஊமைத்துரை, 1801 பிப்ரவரி 2-ந் தேதி தப்பிப் போனார். கிளாரிந்தா அம்மாள் கட்டிய சின்னக் கோயில் 1785-ல் எழும்பியது. ஊசிக் கோபுரம் கோயில் 1826-ல் வந்தது.

மேற்கே போனால் தாமிரபரணி மேல சுலோச்சன முதலியார் பாலம். அது வருமுன்னே பாளையங்கோட்டைக்காரர் திருநெல்வேலிக்குப் போக ஓடத்தைத்தான் நம்பியிருந்தார்கள். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டார். 11 வளைவுகளோட 1843-ல் பாலம் திறந்தது. இன்னைக்கும் நாம அதுமேலதான் போறோம்.

பாலம் தாண்டினால் திருநெல்வேலி. வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்த சேதி கேட்டு, 1908 மார்ச் 13-ந் தேதி ஊரே கொதித்தது. இந்துக் கல்லூரி மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். நகராட்சி ஆபீஸ், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் எரிந்தன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கில் பிடித்த தீ இரண்டு நாள் எரிந்தது. போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். அதே 1908-ல்தான் சென்னைப் பட்டணத்திலேயே தீயணைப்புப் படை தொடங்கியது என்பதை நினைச்சால், அந்த இரண்டு நாளும் இந்த ஊர் எப்படித் தவித்திருக்கும்!

டவுன்ல இருக்கிற உங்களுக்கு சித்திரை ஒண்ணு வருசப்பிறப்பு. எங்களுக்கு அன்னைக்குத்தான் பொன்னேர் பூட்டுறது. தீயணைப்புக்காரங்களுக்கோ ஏப்ரல் 14 செத்தவங்களை நினைக்கிற நாள். 1944-ல் அந்தத் தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பலில் தீ பிடித்தது. உள்ளே பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும். அணைக்கப் போனவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். உள்ளே என்ன இருந்தாலும் அவங்க போய்த்தானே ஆகணும்.

எங்க கிராமத்துக்கு அவங்க தீக்கு வந்ததைவிட, கிணத்துல விழுந்த மாட்டைத் தூக்க வந்ததுதான் அதிகம். 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆறு ஊருக்குள்ள வந்தப்ப, வீட்டு மாடியில தவிச்சவங்களைப் படகுல கொண்டுபோனதும் இவங்கதான். பேர்தான் தீயணைப்பு, பாதி வேலை தண்ணிக்குள்ள.

திரும்பி வரும்போது பஸ் பாலத்து மேல போச்சு. ஜன்னல் வழியா ஆத்தைப் பார்த்துக்கிட்டே வந்தேன். ஒருத்தர் சொந்தக் காசைப் போட்டு ஊருக்குப் பாதை கொடுத்தார். 180 வருசம் கழிச்சும் பேர் நிக்குது. நான் ஊர்ப்பாதையில மூணடியை எடுத்துக்கிட்டேன். அன்னைக்குக் காத்து மட்டும் மேற்கே அடிச்சிருந்தால், எதுத்த வீட்டுப் பிள்ளைகள் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

வீட்டுக்கு வந்ததும் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினேன். "ஏங்க, கட்டுன சுவரை இடிக்கணுமா?"ன்னு வீட்டுக்காரி கேட்டாள். நான் மண்வெட்டியால தெருவுல ஒரு கோடு போட்டேன், பழைய வாசப்படிக்கு நேரா. அவளும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, தொழுவத்துல இருந்த மாட்டை அவிழ்த்து வேப்பமரத்துல கட்டினாள்.